பல்புக்காரரும் பூக்காத அவரையும்

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் வீட்டு வாசலில் மட்டும் விளக்கு கிடையாது என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும். பல்புக்காரருக்கே வரும். யாராவது குத்திக்காட்டுவதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவன் வீட்டுக்குப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டு போகிறேன் என்பார். அடுத்தவர் கையால் குட்டு வாங்குவதைவிடத் தன் கையாலேயே தலையில் குட்டிக்கொண்டால் வலி கம்மி என்பது அவர் கண்ட உண்மை. இந்தப் பழக்கத்தால் அவருக்கு ஊரில் நல்ல பெயரும் உண்டு, மரியாதைக் குறைவும் உண்டு.

அவர் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. உயரம் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். குடிநீர்ப் பிரிவில் ஏதாவது கிடைக்கும் என்று விண்ணப்பம் போட்டார். கிடைத்தது கம்பம். முதல் நாளே பாதி உயரம் ஏறி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தெருவே கூடிவிட்டது. மேற்பார்வையாளர் ஏறிப்போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கிக் கொண்டுவந்தார். பிறகு தொட்டி வைத்த ஏணி வண்டி வந்தது. தொட்டிக்குள் நின்றால் போதும், வண்டியே தூக்கிவிடும். அதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று பல்புக்காரர் இன்றைக்கும் மனதார வாழ்த்துவார்.

கல்யாணக் கதையும் கிட்டத்தட்ட இதே லட்சணம்தான். வேறு வீடு பார்க்கும் வரைக்கும் என்று சொல்லி மாமியார் வீட்டில் வந்து தங்கினார். வேறு வீடு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகளுக்கே கல்யாணம் ஆகி அவள் வேறு ஊருக்குப் போயாகிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளை என்று பின்னால் யாராவது சொன்னால், பின்னால் எதற்கு, முன்னாலேயே வந்து சொல்லுங்கள் என்பார்.

மாமியார் ஒரு நாளும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் பெரிய கஷ்டம். திட்டுகிற மாமியாராக இருந்தால் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு ஒருவேளை சாப்பிடாமல் இருந்து பார்க்கலாம். இந்த அம்மா மரியாதையாலேயே ஆளை மடக்கிவிடுவார். தண்ணீர்ப் பானையைக் கைதவறிப் போட்டு உடைத்தால், பழசுதானே மாப்பிள்ளை, நல்லதாப் போச்சு என்பார். அவர் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வார். உபசாரத்துக்கு ஒரு வார்த்தை நேராகச் சொல்வாரே தவிர, கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் தன் மகள், அதாவது பல்புக்காரரின் மனைவி, வழியாகத்தான் கேட்பார். மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா வீடு இடிஞ்சா விழுந்துடும் என்று கேட்டதுண்டு. வீடு இடியாவிட்டாலும் எதற்கு வம்பு என்று இருவரும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு வீட்டில் தனக்கென்று இருந்த ராஜ்ஜியம் அவரைக்கொடி. வாசலை ஒட்டிய மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மண். முதல் மழை விழுந்ததும் அதில் விதையை ஊன்றுவார். கொடி மதிலில் ஏறி, கட்டிவைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடி வரைக்கும் போகும். மழை ஓய்ந்து, பகல் குறுகி, காலையில் போர்வையை விட மனசு வராத நாட்கள் வந்தால் போதும், கொடி முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. அதன்பின் காய்தான் காய். தட்டையாக, ஓரத்தில் லேசாகச் செவ்வூதா ஓடிய காய். மடியில் போட்டுக்கொண்டு முனையைக் கிள்ளி நாரை இழுப்பார். ஒரே இழுப்பில் நுனியிலிருந்து காம்பு வரைக்கும் வந்துவிடும். பிஞ்சு என்றால் வெங்காயத்தோடு வதக்கல். கொஞ்சம் முற்றினால் உள்ளிருக்கும் கொட்டையோடு வேகவைப்பது. நன்றாக முற்றினால் உரித்துக் கொட்டையை மட்டும் எடுத்து உப்புப் போட்டு அவிப்பது. தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை கைப்பிடி போகிறது என்பதை வைத்தே அந்த அம்மாவுக்கு யார்மேல் என்ன மனத்தாங்கல் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். பல்புக்காரருக்கு அவரைக்காய் பிடிக்காது. அந்த வாசனையே ஆகாது. கல்யாணம் ஆகி முதல் முறையாக மாமியார் பரிமாறியபோது மரியாதைக்காக, நல்லா இருக்கு என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பருவம் முடியும் வரை அவர் தட்டில் மட்டும் இரண்டு பங்கு விழுகிறது. ஒரு பொய்க்கு இவ்வளவு நார்ச்சத்தா என்று மனைவியிடம் முனகுவதோடு சரி. பூமியில் யாரும் இத்தனை வருஷம் பிடிக்காத காயை இத்தனை பக்தியோடு தின்றிருக்க மாட்டார்கள்.

தெருவின் இரு முனைகளிலும் விளக்கு இருந்தது. நடுவில், சரியாக இவர்கள் வீட்டு வாசலில்தான் இருட்டு. அங்கே ஒரு கம்பம் போடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் பல்புக்காரர்தான் தள்ளிப்போட்டார். தெருவிளக்குக்காரன் முதலில் தன் வாசலுக்குப் போட்டுக்கொண்டான் என்று நாளைக்கு எவனாவது சொல்லிவிட்டால்? எதிர்வீட்டுத் தையல்காரர், உங்க நேர்மையில எனக்கு ஊசி கோக்க முடியலையே என்று புலம்பினார். மாமியார் மட்டும் ஒவ்வொரு தடவையும் மகளிடம், மாப்பிள்ளை சொல்றதுதான் சரி, மத்த தெருவுக்கெல்லாம் போட்டப்புறம் நமக்குப் போடட்டும், பேரு கெட்டுடக் கூடாது பாரு என்று சொல்லியனுப்பினார். வீட்டிலேயே தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் மாமியார்தான் என்று பல்புக்காரர் வேலையிடத்தில் பத்துப் பேர் நடுவே பெருமை பேசினார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் விதை ஊன்றி, கொடி மதிலைப் பிடித்த சமயம். ஒரு மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், தையல்காரர் வீட்டில் தைக்கக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிய மாமியார் வாசல் கல்லில் கால் இடறி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பல்புக்காரர்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். வலியில் முகம் வெளுத்துப்போயிருந்த அந்த அம்மா, மாப்பிள்ளைக்குத்தான் வீண் அலைச்சல் என்று மகளிடம் சொன்னார். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, நீயெல்லாம் ஒரு விளக்குக்காரனா என்று கேட்டிருந்தால் பல்புக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். இந்த வார்த்தையைக் கேட்டபின் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து மாமியார் வீட்டுக்கு வரும்போது வாசலில் கம்பம் நின்றது. கிடங்கில் இருந்ததிலேயே பெரிய விளக்காகப் பார்த்துப் போட்டிருந்தார் பல்புக்காரர். நாற்சந்திக்குப் போடுகிற விளக்கு. எரிந்தால் வாசல், மதில், கொடி, மாடி எல்லாம் பட்டப்பகல். தையல்காரர் இயந்திரத்தை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, இனிமே எனக்குப் பொழுதே சாயாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மாமியார் ஆட்டோவிலிருந்தபடியே அந்த விளக்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். கொடியையும் ஒரு தடவை பார்த்தார். ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை என்றார்.

எலும்பு நன்றாகவே கூடியது. கால் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் நாலு கால் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லிக் கொடுத்தாள். மாமியார் கட்டிலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் போவார். அவ்வளவுதான். அறை வாசற்படியைக் கண்டதும் நின்றுவிடுவார். இன்னைக்குப் போதும் என்பார். மறுநாளும் இன்னைக்குப் போதும்தான். மருத்துவர் மகளைத் தனியாக அழைத்து, எலும்பில் கோளாறு இல்லை, ஆனால் இப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச மாதத்தில் கால் நடையை மறந்துவிடும், அப்புறம் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். மகள் வந்து அம்மாவிடம் அழுதாள். அப்போதுதான் மாமியார் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"எதுக்குடி அழுவுற. அவரை காய்க்கட்டும். நானே எந்திரிச்சுப் போய்ப் பறிக்கறேன்."

வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்த அம்மா சொன்ன சொல் தவற மாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். அவரைக்காய் என்றால் மூக்கைச் சுளிக்கிற பல்புக்காரர் தினமும் காலையில் முதல் வேலையாகக் கொடியின் முன்னால் போய் நின்றார். காய்த்துத் தொலை, எத்தனை பங்கு வேண்டுமானாலும் தின்கிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

மழை ஓய்ந்தது. பகல் குறுகியது. ஊரில் மற்றவர்கள் வீட்டு அவரையெல்லாம் பூத்தது. காய் சந்தைக்கே வந்துவிட்டது. இவர்கள் வீட்டுக் கொடி மட்டும் இலை இலையாகத் தள்ளியது. உள்ளங்கை அகல இலை, கரும்பச்சை, நோய் நொடி எதுவும் இல்லை. ஒரு மொட்டுக்கூட இல்லை. பல்புக்காரர் உரம் வாங்கிப் போட்டார். கொடி இன்னும் கொழுத்தது. நாற்றுப்பண்ணைக்காரர், உரம் ஜாஸ்தியானாலும் இலைதாங்க வரும் என்றார். உரத்தை நிறுத்தினார். தண்ணீரைக் குறைத்தார். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிள்ளு கிள்ளு என்று கிள்ளித் தீர்த்தார். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொடியைப் பார்த்துத் திட்டினார். தையல்காரர் ஜன்னலிலிருந்து, கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க, எனக்கும் பொழுது போகும் என்றார்.

நாள் போகப் போக மாமியாரின் கால் மெலிந்துகொண்டே வந்தது. நடைச்சட்டத்தின்மேல் துணி காயப்போடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்த அன்றுதான் பல்புக்காரர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தார். இதை அவர் சொல்லும்போது கேட்பவர்களைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார். சந்தைக்குப் போய் நல்ல அவரைக்காயாகப் பொறுக்கி வாங்கினார். தையல்காரரிடம் பச்சை நூல் வாங்கினார். மாமியார் மத்தியான உறக்கத்தில் இருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்கு நேரே தெரிகிற கொடியில் காய்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார். கீழே இறங்கி நின்று பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மாமியார் எழுந்ததும் மனைவியைவிட்டுச் சொல்லச் சொன்னார். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்ற மாப்பிள்ளைக்கு வேர்த்தது.

"நல்ல காய் மாப்பிள்ளை," என்றார் மாமியார். "பூக்காமலே காய்ச்சிருக்கு."

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். சிரிக்கவும் இல்லை. பல்புக்காரர் தானே போய் எல்லாக் காயையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். மனைவி அதை வதக்கி அவர் தட்டிலேயே போட்டாள். அவர் கடைசிக் காய் வரை சாப்பிட்டார்.

விஷயம் விளங்கியது அதற்குச் சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம். விளக்கு மூடிக்குள் பூச்சி விழுந்து வெளிச்சம் மங்குகிறது என்று தையல்காரர் நச்சரித்ததால், வேலை முடிந்து திரும்பும் ஏணி வண்டியை அப்படியே தன் தெருவுக்கு விடச் சொன்னார் பல்புக்காரர். தொட்டியில் ஏறி மேலே போனார். வழக்கம்போலக் கீழே பார்க்காமல் நேராகப் பார்த்தார். நேரே அவர் வீட்டு மாடி. மாடியில் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குப் பின்னால் கொடியின் இரண்டு மூன்று கிளைகள் வழி தவறிப் போய்ப் படர்ந்திருந்தன. அதில் பூ. வெள்ளையும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ. கீழே இருந்து பார்த்தாலும் தெரியாது, ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

ஒரே வேர், ஒரே மண், ஒரே தண்ணீர். அங்கே மட்டும் எப்படி என்று அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே தெருவிளக்குகள் எரியும் நேரம் வந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் அவர் போட்ட விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளிச்சம் மதிலில் இறங்கியது, கொடியில் வழிந்தது, மாடியில் பரவியது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு துண்டு கறுப்பாகப் பின்னால் விழுந்தது. பூத்திருந்த கிளைகள் அத்தனையும் சரியாக அந்த நிழலுக்குள் இருந்தன. நிழல் முடிகிற கோட்டில் பூவும் முடிந்தது.

ஆயுசு முழுக்க எந்த விளக்கு எங்கே எவ்வளவு தூரம் அடிக்கும் என்று பார்த்தவருக்கு அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரைக்கு இரவு நீளமாக வேண்டும். நீண்ட இரவு வந்தால்தான் அது பூப்பதற்கான காலம் என்று தெரிந்துகொள்ளும். இவர் வீட்டு அவரைக்கு இந்த வருஷம் இரவே வரவில்லை. வரவிடாமல் வாசலில் விளக்கோடு நின்றவர் வேறு யாருமில்லை. இறக்கிவிடப்பா என்று வண்டிக்காரரிடம் சொன்னவர், இறங்கியபின் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையில் அடித்துக்கொண்டார். பூச்சியைத் துடைக்க மறந்துவிட்டார்.

மறுநாள் அந்த விளக்கின் இணைப்பைக் கழற்றிவிட்டார். இரண்டே நாளில் தையல்காரர் நகராட்சிக்குப் போய் விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தார். புகாரை மேற்பார்வையாளர் பல்புக்காரரிடமே கொடுத்து, உங்க தெருவாம், என்னன்னு பாருங்க என்றார். பல்புக்காரர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பார்க்கிறேன் என்றார். நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். தையல்காரர் சிரித்து முடிக்கக் காத்திருந்து, பிறகு இருவரும் சேர்ந்து வழி கண்டுபிடித்தார்கள். எண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி நிமிர்த்தி, விளக்கின் ஒரு பக்கத்தில் மறைப்பாகக் கட்டினார்கள். தையல்காரர் ஜன்னலுக்கும் தெருவுக்கும் வெளிச்சம், மதிலுக்கும் கொடிக்கும் வாசலுக்கும் இருட்டு. தான் போட்ட விளக்குக்குத் தானே முக்காடு போட்ட முதல் ஆள் நான்தான் என்று பல்புக்காரர் இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

குளிர் இன்னும் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நாளில் இலைகளுக்கு நடுவிலிருந்து காம்புகள் நிமிர்ந்தன. மொட்டு வந்தது. மதில் முழுக்கப் பூ பிடித்தது. பிஞ்சு தொங்கிய காலையில் பல்புக்காரர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் உள்ளே ஓடி, மனைவியை எழுப்பி, காய்ச்சிருக்குன்னு சொல்லு, இந்தத் தடவை நூல் இல்லைன்னும் சொல்லு என்றார்.

மகள் சொன்னாள். நடைச்சட்டத்தின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டுக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தாள். மாமியார் ஜன்னலைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. இன்னைக்கு முட்டி வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம் என்றார். மறுநாள் தலை சுற்றியது. அதற்கு மறுநாள், காய் இன்னும் கொஞ்சம் திரளட்டும் என்றார். காய் திரண்டது. கொட்டை புடைத்தது. மகளைப் பறித்துவரச் சொன்னார். அவள் முடியாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

பல்புக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. உரம் போட்டு, நுனி கிள்ளி, தகரம் கட்டி, நூல் கட்டி மானத்தை இழந்து, இத்தனைக்கும் பிறகு முட்டி வலியா? அன்று வேலைக்குப் போகவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக மாமியார் அறைக்குள் தனியாகப் போய், கட்டிலுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அத்தை, காய் முத்துது," என்றார்.

"தெரியுது மாப்பிள்ளை."

"வாக்குக் குடுத்தீங்களே."

மாமியார் போர்வை ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அவர் பேச மாட்டார் என்று பல்புக்காரர் எழுந்திருக்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அது காய்க்காதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

பல்புக்காரர் மறுபடியும் உட்கார்ந்தார்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாமியார் குடியிருந்தது ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்திலாம். விடிய விடிய வாசலில் விளக்கு எரியுமாம். அங்கே இரண்டு தடவை அவரை வைத்துப் பார்த்து, வெறும் இலைதான் மிச்சமாம். விளக்கு வெளிச்சத்தில் அவரை பூக்காது என்று அப்போதே அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆட்டோவில் வந்து இறங்கிய அன்றே, வாசலில் நாற்சந்தி விளக்கைப் பார்த்ததும், இந்த வருஷம் காய் கிடையாது என்று புரிந்துவிட்டது. அதனால்தான் காய் வந்தால் எழுந்திருக்கிறேன் என்று தைரியமாகச் சொன்னார். எழுந்திருக்கவே வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையில் சொன்ன வாக்கு.

"எதுக்கு அத்தை அப்படி?"

"பயமா இருக்கு மாப்பிள்ளை. அந்தக் கல்லைப் பாத்தாலே மறுபடியும் விழுந்த மாதிரி இருக்கு. மகள்கிட்ட சொன்னா அழுவா. உங்ககிட்ட எப்படிச் சொல்றது." மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். தெருவுக்கு லைட்டு இப்ப வேணாம்னு சொல்லிச் சொல்லி விட்டேனே, அதுவும் உங்க பேருக்காக இல்ல. என் கொடிக்காக. நான் கேட்ட இருட்டுலதான் நானே விழுந்தேன்."

வேலையிடத்தில் பத்துப் பேர் நடுவே தூக்கிவிட்டுக்கொண்ட காலர் பல்புக்காரருக்குக் கழுத்தை இறுக்கியது. தன் நேர்மையை மெச்சிய ஒரே ஜீவன் என்று நினைத்திருந்தவர் மெச்சியது அவரைக்காயை. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கியது. மாமியார் பயந்துபோய்ப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றது. இந்த அம்மா இத்தனை மாதம் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அடுத்த அறையில் இருந்துகொண்டு இவர் கொடிக்கு உரம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு இன்னைக்கும் மேல போறப்ப காலு நடுங்கும் அத்தை," என்றார். "தொட்டியில நின்னாக்கூட. வேலையில யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எப்படிப் போறீங்க?"

"கீழ பாக்க மாட்டேன். கையில இருக்கிற வேலையை மட்டும் பாப்பேன்."

மாமியார் நடைச்சட்டத்தைத் தள்ளிவிட்டார். அதைப் பிடிச்சா கீழதான் பாக்கணும் என்று முனகிவிட்டுக் கையை நீட்டினார். பல்புக்காரர் அதுவரை அந்தக் கையைத் தொட்டது ஆட்டோவில் ஏற்றிய அன்று மட்டும்தான். காய்ந்த விரல்கள், எதிர்பாராத பலத்தோடு அவர் மணிக்கட்டைப் பிடித்தன. அறை வாசற்படியில் நின்றார்கள். தாண்டினார்கள். கூடத்தில் நின்றார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வாசல் கல்லருகே வந்தபோது அந்தப் பிடி நகம் பதியும்படி இறுகியது. விட்டுடாதீங்க என்றார் மாமியார். விடமாட்டேன் என்றார் இவர். மாமியார் கண்ணை நேரே கொடியில் வைத்துக்கொண்டு கல்லைத் தாண்டினார்.

மதிலைப் பிடித்து நிலையாக நின்று மூச்சு வாங்கியபின், கொடியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இலையைப் புரட்டினார். முகம் மாறியது.

"யாரு இப்படி நுனியெல்லாம் கிள்ளி வெச்சது?"

"நான்தான் அத்தை."

"கொஞ்சமாவது யோசனை வேணாமா மாப்பிள்ளை? பூக்காம்பு வர்ற இடத்தையெல்லாம் கிள்ளிப் போட்டிருக்கீங்க. தெரியலைன்னா கேக்க மாட்டீங்களா? வாய் எதுக்கு இருக்கு?"

பல்புக்காரர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. திட்டிக்கொண்டே மாமியார் காயைப் பறித்தார். ஒரு கை மதிலில், ஒரு கை கொடியில். பறித்ததைப் போட மடி இல்லாததால் மாப்பிள்ளையின் சட்டையை ஏந்தச் சொன்னார். எட்டாத கொத்து ஒன்றுக்காக, பிடித்திருந்த மதிலை விட்டுவிட்டு இரண்டு அடி தானாக நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை. பல்புக்காரர் பார்த்தார், ஏந்திய சட்டையோடு கூடவே நகர்ந்தார்.

சட்டை நிறைந்ததும் மாமியார் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் கோணலாகக் கட்டியிருந்த தகரத்தைப் பார்த்தார்.

"இந்தப் பருவம் முடியட்டும் மாப்பிள்ளை," என்றார். "காயெல்லாம் பறிச்சப்புறம் அந்தத் தகரத்தைக் கழட்டிடுங்க. சாயங்காலத்துல தெருமுனை வரைக்கும் நடந்து பாக்கணும். வெளிச்சம் வேணும்."

பல்புக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஏந்திய சட்டையில் காய் இருந்ததால் துடைக்கக் கை இல்லை. சரி அத்தை என்று மட்டும் சொன்னார்.